பாம்பின் கால் அறிந்தவர்கள்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், எமது பாடசாலைக் கிணற்றடியில் மாணவர் சிலர் கூடிநின்று ஒரு பாம்பை அடித்துக் கொன்றனர். ஆறடிக்குக் குறையாத நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். கொன்றவர்களுள் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் இருவரும் இருந்தனர். “இது என்ன பாம்பு?” என்று கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. “பாம்பெண்டால் பாம்புதானே, சேர்” என்றான் ஒருவன். உண்மையைச் சொல்வதானால், கேட்ட எனக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. பாடசாலை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவர் விளக்குமாற்றை வைத்துவிட்டு அருகில் வந்து குனிந்து பார்த்தார். “சாரை, மாஸ்ரர். எலி பிடிக்கிற சாதி. நஞ்சில்லை. வயலுக்குள்ள கிடந்திருந்தால் கமக்காரனுக்குப் புண்ணியம்” என்று கூறிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார்.

அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். உயிரியல் என்ற சொல்லைக்கூட அவர் அறிந்திருப்பாரோ என்பது ஐயமே. ஆயின் அக்கிணற்றடியில் நின்ற அனைவருள்ளும் அறிவுடையவர் அவர் ஒருவரே. அறிவு ஓரிடத்தும் சான்றிதழ் மற்றோரிடத்தும் இருக்கும் இந்நிலை எவ்வாறு தோன்றியது? பாம்பையும் தவளையையும் பற்றிய அறிவு யாரிடம் பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது, அதன் பேறு யாரைச் சென்றடைந்தது? இவ்வினாக்களுக்கு விடைதேடுவோர் கடலுக்கப்பால், செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் என்ற பழங்குடி மக்களின் அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் பெரிதும் பயன்தரும். அதற்கு முன், ஏட்டறிவின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பாம்பைப் பற்றி எழுதிவைத்தோர் பழங்காலத்திலும் இருந்தனர். வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை பாம்புகளைப் பல வகையாகப் பிரித்துக் கூறுகின்றது. அவற்றின் நடத்தையையும் கடியின் குறிகளையும் நுணுகிக் கண்டவர்களின் அனுபவம் அந்நூலிற் பொதிந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதே நூல் பாம்புகளையும் அந்தணர், அரசர், வணிகர், சூத்திரர் என நால்வருணமாக வகுத்துவிடுகின்றது. புற்றிற் கிடக்கும் பாம்புக்கும் சாதி வகுத்த சமுதாயம், அப்பாம்பைப் பிடித்து அதன் இயல்பை உணர்ந்த மனிதனை எந்த இடத்தில் வைத்திருக்கும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. கையால் அறிந்தவன் ஊருக்கு வெளியே நின்றான். அவன் அறிந்தது ஏட்டுக்குள் நுழைந்தது. அவன் பெயர் நுழையவில்லை.

ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரும் இவ்வொழுங்கு அடிப்படையில் மாறவில்லை. கிழக்கிந்தியக் கொம்பனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்திற் பணியாற்றிய பற்றிக் ரசல் என்ற ஸ்கொத்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1796 ஆம் ஆண்டு இலண்டனிற் பெரிய நூலொன்றை வெளியிட்டார். நஞ்சுள்ள பாம்பு எது, நஞ்சற்றது எது என்பதைப் பாமரரும் பிரித்தறிய வழிகாண்பதே அவர் நோக்கம். அந்நோக்கம் போற்றத்தக்கது. அக்காலத்திற் பெயர்பெற்றிருந்த ‘தஞ்சாவூர் மாத்திரை’ முதலான கடிமருந்துகளையும் அவர் சோதனைக்குள்ளாக்கினார். இவ்வகையில், நம்பிக்கையின் இடத்தில் நிரூபணத்தை வைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். பாம்புகளுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் குறித்துவைத்தார். ஆயின் நம்மவர் புடையன் என்றும் தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்றும் அழைக்கும் பாம்பு, 1797 ஆம் ஆண்டு தொடக்கம் விஞ்ஞான உலகில் ரசலின் பெயரையே தாங்கிவருகின்றது. பெயரிட்டோர் தீயவரல்லர். அப்பாம்புகளைப் புதருக்குள்ளும் புற்றுக்குள்ளும் சென்று பிடித்துக் கொணர்ந்த கைகளுக்கு வரலாற்றில் ஒரு பெயரும் இல்லை என்பதே எமது கவலை.

பின்னர் வந்தது நஞ்சுமுறி மருந்தின் காலம். 1891 இல், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த வியட்நாமில், வெள்ளத்தால் விரட்டப்பட்ட நாகங்கள் ஒரு கிராமத்துட் புகுந்து பலரைக் கடித்தன. அப்போது சைகோனில் ஆய்வுகூடம் நடத்திய அல்பேர் கல்மெற் அந்நஞ்சை ஆராயத் தொடங்கினார். 1894 இல் அவரும், அவரைச் சாராது பிசாலிக்ஸ், பேர்த்திரான் என்ற இருவரும், நஞ்சு சிறுகச் சிறுக ஏற்றப்பட்ட விலங்கின் குருதிநீர் அந்நஞ்சை முறிக்கவல்லது என்பதைப் பாரிசில் வெளியிட்டனர். இன்றும் அம்முறையே கையாளப்படுகின்றது: குதிரைக்கு நஞ்சு ஏற்றப்படுகின்றது, அதன் குருதியிலிருந்து மருந்து பிரித்தெடுக்கப்படுகின்றது.

ஆயின் நாகத்தின் நஞ்சினால் ஆக்கப்பட்ட மருந்து எல்லாப் பாம்புக்கும் பொதுவாகும் என்று கல்மெற் கருதியது தவறாயிற்று. விரியன் கடிக்கு அது பயன்படவில்லை. அந்தந்த நிலத்துப் பாம்பின் நஞ்சுக்கு அந்தந்த நஞ்சினாலேயே மருந்து காணவேண்டும் என்பதைப் பிரேசில் நாட்டு வைத்தால் பிரேசில் முதலியோர் நிலைநாட்டினர். பொதுச்சூத்திரம் எங்கும் செல்லும். ஆயின் ஒவ்வொரு நிலத்தின் தனித்தன்மையை அறியாதவிடத்து அது உயிரைக் காவாது. இப்படிப்பினை பின்னரும் நமக்கு வேண்டப்படும்.

இந்தியாவில் இம்மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சினைக் கொண்டு ஆக்கப்படுகின்றது. அவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன. மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்குப் பாம்பு வேண்டும். பாம்புக்கு அதனை அறிந்த மனிதன் வேண்டும். இச்சங்கிலியின் முதற் கண்ணியில் நின்றவர்களே இருளர்.

இருளர் காட்டையும் வயலோரத்தையும் நம்பி வாழ்ந்த மக்கள். தேனும் கிழங்கும் மூலிகையும் அவர்கள் தேட்டம். கமக்காரருக்காக எலி வளைகளைத் தோண்டி எலிகளைப் பிடிப்பதும், வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லை எடுத்துக்கொள்வதும் அவர்களது வழக்கமான தொழில்களுள் ஒன்று. அவர்களிடம் உள்ள கருவி பெரும்பாலும் ஒரு கடப்பாரை மட்டுமே. நம்மூர் வழக்கில் அலவாங்கு. புழுதியிற் கிடக்கும் மெல்லிய தடத்தைக் கண்டு இன்ன பாம்பு, இன்ன திசையிற் சென்றது என்று அவர்கள் கூறுவர். உரித்த சட்டையையும் எச்சத்தையும் வளைவாயின் வழவழப்பையும் கண்டு உள்ளே பாம்பு உண்டா இல்லையா என்று துணிவர். வளையைத் தோண்டி, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கட்டுவிரியனை அடிக்காமலும் கடிபடாமலும் வெளியே எடுப்பர். இது மந்திரமன்று, பிறவி வரமுமன்று. குழந்தைப் பருவம் முதல் தாய் தந்தையருடன் காட்டில் நடந்து, பார்த்து, பிழைவிட்டு, திருத்திக் கற்ற பயிற்சி. கவனித்தல், ஒப்பிடுதல், ஊகித்தல், சோதித்தறிதல் என்பனவே விஞ்ஞானமெனின், இருளரின் கல்வியும் விஞ்ஞானமே.

இவ்வறிவுக்கு நேர்ந்த கதி என்ன? 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் போன்றவை காட்டை அரசின் உடைமையாக்கிய பின்னர், காட்டையே வாழ்வாகக் கொண்டிருந்தோர் அக்காட்டில் அத்துமீறுவோராயினர். நிலமுமில்லை, காடுமில்லை என்ற நிலையில் அவர்களிடம் எஞ்சியிருந்தது பாம்பறிவு ஒன்றே. அவ்வறிவை வாங்கச் சந்தையும் ஆயத்தமாக நின்றது. மேலைநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத்தோல் வேண்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாம்புத்தோல் வாணிபம் சென்னையைச் சூழப் பெருகியது. சாரை, நல்லபாம்பு, விரியன், மலைப்பாம்பு என்ற பேதமின்றி இலட்சக்கணக்கிற் பாம்புகள் உரிக்கப்பட்டன. உரித்த இருளனுக்குக் கிடைத்தது சில்லறை. இலாபம் பதனிடுவோனுக்கும் ஏற்றுமதியாளனுக்கும் சென்றது. பாம்புகளை யார் அழித்தார்கள் என்று கேட்டால், கத்தியைப் பிடித்திருந்த கையைச் சுட்டிக்காட்டுவது எளிது. அக்கத்திக்கு விலை நிர்ணயித்த கை வேறெங்கோ இருந்தது.

தவளையின் கதையும் இதுவே. இந்தியாவின் வயல்களிலும் குளங்களிலும் இரவில் விளக்கேந்திப் பிடிக்கப்பட்ட பெருந்தவளைகளின் கால்கள், செல்வந்த நாடுகளின் விருந்து மேசைகளை நாடிச் சென்றன. பிடித்தவன் கூலிக்காரன். பயிரைத் தின்னும் பூச்சிகளை இலவசமாகத் தின்றுவந்த தவளை போனபின், அப்பூச்சிகளுக்கு நஞ்சு தெளிக்கக் கமக்காரன் காசு தேடவேண்டியதாயிற்று. 1987 ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது.

பாம்புக்கு அதற்கு முன்னரே சட்டம் வந்தது. 1972 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1976 இற் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இத்தடை நீதியானது, வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆயின் சட்டம் பாம்பை நினைத்தது. பாம்பை நம்பி வாழ்ந்தவனை மறந்தது. ஒரே நாளில் இருளரின் தொழில் குற்றமாகியது. நேற்றுவரை சில்லறை தந்தும் அவர்களைச் சுரண்டிய சந்தை மூடப்பட்டது. அதற்கு ஈடாக வேறொன்றும் திறக்கப்படவில்லை. உயிரினங்களைக் காப்பதாகக் கூறும் பல திட்டங்கள் இவ்விடத்திலேயே தவறிவிடுகின்றன. பசித்தவனைக் காட்டிலிருந்து விரட்டிவிட்டுக் காட்டைக் காத்தோம் என்று மகிழ்வது காவலன்று.

இந்நெருக்கடிக்கு விடைகண்டவர்களுள் ரொமுலஸ் விற்றேக்கர் குறிப்பிடத்தக்கவர். 1943 இல் நியூயோர்க்கிற் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்டவர் அவர். சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976 இல் முதலைப் பண்ணையையும் நிறுவுவதில் முன்னின்றவர். பாம்பைப் பற்றித் தாம் இருளரிடம் கற்றவற்றை அவர் மறைத்ததில்லை. இருளருடன் இணைந்து அவர் கண்ட வழி எளிமையானது: பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து மருந்தாக்குவோருக்கு விற்றால் என்ன? 1978 ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாகியது. சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளவுக்குள் அது இயங்கிவருகின்றது.

அங்கு நடைபெறுவதை அறிந்தால், ‘பராமரிப்பு’ என்ற சொல்லின் பொருள் விளங்கும். உறுப்பினர் அனுமதிபெற்றுப் பிடித்துவரும் பாம்பின் இனம், நீளம், எடை முதலியன பதியப்படுகின்றன. பின்னர் அது அடியில் மணல் பரப்பிய மட்பானையொன்றில் விடப்பட்டு, வாய் துணியால் கட்டப்படுகின்றது. மண் குளிர்ச்சி தரும், துணி காற்றைப் புகவிடும், இருட்டு அச்சந்தீர்க்கும். வளையின் இயல்பைப் பானையிற் படைத்தவன் வளையை அறிந்தவனே. வாரத்துக்கொருமுறை பாம்பின் தலையைப் பக்குவமாகப் பற்றி, மெல்லிய இறப்பர் கட்டிய கண்ணாடிக் கலத்தின் வாயைக் கடிக்கவைத்து நஞ்சு பெறப்படுகின்றது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் நான்கு முறை நஞ்சு எடுத்த பின்னர், வயிற்றுச் செதிலொன்றில் அடையாளமிட்டு அப்பாம்பு காட்டில் விடப்படும். அடையாளம் மாறாது இருக்கையில் அது மறுபடி பிடிபடின் உடனே விடுவிக்கப்படும். பெற்ற நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்து ஆக்குவோருக்குச் செல்கின்றது. இந்தியாவில் ஆக்கப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைச் சில நூறு உறுப்பினர் கொண்ட இச்சங்கமே பல்லாண்டுகளாக வழங்கிவந்துள்ளது.

அதே மக்கள்; அதே கடப்பாரை; அதே அறிவு. உற்பத்தியின் உறவு மாறியதும், கொலைத்தொழில் உயிர்காக்குந் தொழிலாயிற்று. மனிதனின் ‘இயல்பு’ மாறாது என்று வாதிப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

இத்தொழில் காக்கும் உயிர்கள் யாருடையவை? பாம்பு மாளிகையிற் கடிப்பதில்லை. வெறுங்காலோடு வயலில் இறங்குபவனையும், விறகு பொறுக்குபவளையும், நிலத்திற் பாய்விரித்து உறங்கும் குழந்தையையுமே அது கடிக்கின்றது. இந்தியாவில் 2005 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2011 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவுகள் காட்டிய தொகையோ அதிற் சிறு பகுதியே. ஏனெனின், இறந்தோரிற் பெரும்பாலோர் வைத்தியசாலையை எட்டவில்லை. ஏழையின் சாவு கணக்கிலும் ஏறவில்லை. 2000 முதல் 2019 வரை இறந்தோர் தொகை பன்னிரண்டு இலட்சம் என்பது 2020 இல் வெளியான மதிப்பீடு. உலக சுகாதார ஸ்தாபனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது 2017 இலேயே.

நமது நாட்டிலும் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்பினாற் கடிபடுவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சேறுவதாகவும், நானூறு பேரளவில் இறப்பதாகவும் மதிப்பிட்டது. நமது வைத்தியசாலைகள் பெரிதும் நம்பியிருப்பது இந்தியாவில் ஆக்கப்படும் மருந்தையே. வன்னியில் ஒரு கமக்காரன் உயிர்பிழைக்கையில், அவன் பெயரறியாத ஓர் இருளனின் கையும் அதிற் பங்குகொண்டிருக்கக்கூடும். ஆயின் கல்மெற்றின் தவறு தந்த பாடத்தை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். நமது புடையனின் நஞ்சு இந்தியப் புடையனின் நஞ்சை முற்றும் ஒத்ததன்று. சிங்களத்தில் ‘குணகடுவா’ எனப்படும் சிறு குழிவிரியன் நம் நாட்டிற் பலரைக் கடிக்கின்றது. அதன் நஞ்சு அந்நால்வகை மருந்தில் அடங்கவில்லை. இந்தியாவிலுங்கூட, தமிழகத்துப் பாம்பின் நஞ்சினால் ஆன மருந்து வேறு சில பிரதேசங்களிற் போதிய பயன் தருவதில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் நிலத்துப் பாம்பை நாம் அறியாதிருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்குரிய விலையைக் கமக்காரனே செலுத்துகின்றான்.

இருளரின் அறிவு கடல்கடந்தும் அழைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீட்டு விலங்காக விலைக்கு வாங்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் வளர்ந்து பெருத்ததும் சதுப்புநிலங்களில் விடப்பட்டன. அவை அங்கே பெருகி, உள்ளூர் விலங்குகளை அழிக்கத் தலைப்பட்டன. அறியாது வளர்ப்பதும் ஒருவகைக் கொடுமையே என்பதற்கு இது சான்று. 2017 ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர் அங்கு வரவழைக்கப்பட்டனர். முதல் இரு வாரங்களுக்குள்ளேயே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறடி நீளமுடையது. 2023 இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பெயரற்ற கைகளுக்கு இறுதியில் இரண்டு பெயர்கள் கிடைத்தன. மகிழவேண்டிய செய்தியே.

ஆயின் விருது ஒரு சமூகத்தின் வாழ்வாகாது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை ஆண்டுதோறும் வனத்துறையே நிர்ணயிக்கின்றது. உத்தரவு தாமதிப்பின் அடுப்பும் தாமதிக்கும். துளித்துளியாகச் சேர்த்த நஞ்சு மருந்தாகிச் சந்தைக்கு வருகையில், அதன் விலையை நிர்ணயிப்பதில் இருளருக்குப் பங்கில்லை. கூட்டுறவு அவர்களைத் தோல் வணிகனிடமிருந்து மீட்டது உண்மை. நிலமின்மையிலிருந்தும் கல்வியின்மையிலிருந்தும் மீட்கும் பணி அச்சங்கத்தால் மட்டும் முடிவதன்று. இருளரின் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்பதில் இருவேறு கருத்திருக்கமுடியாது. ஆயின் அப்பாடசாலை, அவர்களின் பெற்றோர் அறிந்ததனைத்தையும் அறியாமையென்று கற்பிக்குமாயின், ஒரு தலைமுறைக்குள் அவ்வறிவு மாண்டுவிடும். பாம்பும் எஞ்சாது, பாம்பறிந்தவனும் எஞ்சான்.

எனவே உயிரினத்தைக் காப்பதும், அதனை அறிந்த மக்களைக் காப்பதும் இருவேறு பணிகளல்ல. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் காக்க முயன்ற இடமெல்லாம் இரண்டும் அழிந்தன. இரண்டையும் இணைத்த ஓரிடத்தில் இரண்டும் பிழைத்தன. வடநெம்மேலியின் மட்பானைகள் நமக்குக் கூறும் செய்தி இதுவே.

கிணற்றடிச் சம்பவத்துக்கு அடுத்த வாரம், எமது அதிபரின் இசைவுடன் அம்முதியவரை ஒரு பாடவேளைக்கு வகுப்பறைக்கு அழைத்தேன். அவர் கதிரையில் அமர முதலில் மறுத்தார். அமர்ந்தபின், சாரைக்கும் நாகத்துக்கும் தலையில் என்ன வேறுபாடு, சுருட்டைப் புடையன் எவ்வாறு செதிலை உரசி ஒலியெழுப்பும், மழைக்கு முன் எந்தத் தவளை எங்கிருந்து கத்தும் என்பனவற்றையெல்லாம் அரைமணி நேரம் தம் மொழியிற் கூறினார். உயிரியல் மாணவர் குறிப்பெடுத்தனர்; நானும் எடுத்தேன். பாம்பென்றால் பாம்புதானே என்றிருந்த மாணவனே கடைசியில் எழுந்து, “அப்ப நாங்கள் அண்டைக்கு அடிச்சது பிழையோ, ஐயா?” என்று கேட்டான். பாடசாலையில் அம்முதியவரை ஒருவர் ‘ஐயா’ என்று அழைத்ததை அன்றுதான் நான் முதன்முறை கேட்டேன்.